இருட்டாக இருக்க வேண்டிய தட்டு

கன்ட்ரோல் மறுபடியும் பச்சையாக இருந்தது.

சௌம்யா மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தாள். பச்சைதான். கறுப்புப் பின்னணியில் நீல உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் கடுகை இறைத்தது போலப் பச்சைப் புள்ளிகள். ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாத தட்டு அது.

இது மூன்றாவது முறை. ஒரு முறைக்கு ஐந்து வாரம். ஜூலையில் ஆரம்பித்தது நவம்பரில் வந்து நிற்கிறது.

பின்னால் உமேஷ் வந்து நின்றான். ஆராய்ச்சி மாணவன். சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவன். ஒரே வாக்கியத்தில் நான்கு மொழி பேசுவான். அவள் தோளைத் தாண்டித் திரையைப் பார்த்தான்.

"புருஷனோட செல்லு மேடம். முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கு. டென்ஷன் இல்லாம எப்படி இருக்கும்?"

முதல் முறை அவன் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். இரண்டாம் முறை சிரிக்கவில்லை. இப்போது, சிங்க்கில் கிடக்கிற பாட்டில்களை யார் கழுவுவார்கள் என்று கேட்டாள். அவன் போய்விட்டான்.

விஷயம் அப்படியொன்றும் சிக்கலானது இல்லை. ஒரு செல்லுக்கு ஆபத்து வந்தால், அது சூடோ விஷமோ பட்டினியோ, உள்ளுக்குள் ஓர் எச்சரிக்கை எழும். செல் புரதம் செய்வதை நிறுத்தும். பாதியில் நிற்கிற வேலையைச் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி ஓரத்தில் வைக்கும். ஆபத்து நீங்கியதும் மூட்டைகளைப் பிரித்து வேலையைத் தொடரும். நல்ல நரம்பு செல்லுக்கு இரண்டு மணி நேரம் போதும். சில நோயாளிகளின் நரம்பு செல்களில் மூட்டைகள் பிரிவதில்லை. ஆபத்து எப்போதோ போயிருக்கும். எச்சரிக்கை மட்டும் அணையாது. செல் வேலைக்குத் திரும்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்து ஒரு நாள் சாகும். கை முதலில் போகும். பிறகு கால், நாக்கு, மூச்சு.

அந்த எச்சரிக்கையை அணைக்கிற ஒரு மருந்து அவர்களிடம் இருந்தது. மருந்து என்று சொல்வதே அதிகம். ஒரு வெள்ளைப் பொடி. அது வேலை செய்கிறது என்று காட்ட நோயாளியின் செல்லும் வேண்டும், நோயில்லாதவரின் செல்லும் வேண்டும். மூட்டைகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். நோயில்லாத செல், சூடு எதுவும் காட்டாமல் சும்மா வைத்திருந்தால், இருட்டாக இருக்க வேண்டும். அதுதான் கன்ட்ரோல். அதுவே பச்சையாக இருந்தால் மற்றதையெல்லாம் எதோடு வைத்துப் பார்ப்பது?

செல்களுக்கு எண்தான் பெயர்: நோயாளி ஏழு, கன்ட்ரோல் ஏழு. பெயர்கள் லேபுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் செல் கொடுத்த குடும்பங்களை அழைத்து ஒரு கூட்டம் நடத்தினார்கள். அப்போது பீன்யாவில் ஒரு வார்ப்பட ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெங்கடசாமி என்பவர் நேராக அவளிடம் வந்தார். ஏழாம் நம்பர் தன் மனைவி வள்ளியம்மா என்றும், கன்ட்ரோல் ஏழு தான்தான் என்றும் சொன்னார். ஒரே வயது, ஒரே வீடு, ஒரே தண்ணீர். ரத்த உறவு மட்டும் இல்லை. அதனால்தான் அவர் தோலையும் கேட்டு வாங்கியிருந்தார்கள். தோல் செல்லைத்தான் லேபில் நரம்பு செல்லாக மாற்றி வளர்ப்பார்கள். வள்ளியம்மா இறந்து அப்போது நான்கு மாதம். அவர் அவளுடைய போன் நம்பரைக் கேட்டுச் சட்டைப்பையில் இருந்த சீட்டில் எழுதிக்கொண்டார். அவளும் கொடுத்துத் தொலைத்தாள்.

அன்றிலிருந்து திங்கட்கிழமை தவறாமல் பதினொன்று பத்துக்குப் போன் வரும். இன்றும் வந்தது. அவள் கையுறையோடு இருந்தாள். முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"வள்ளியம்மா எப்படி இருக்கா?"

ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி. வள்ளியம்மா இருக்கிற இடம் திரவ நைட்ரஜன் கேன் என்றும், மைனஸ் நூற்றுத் தொண்ணூறில் யாரும் எப்படியும் இருப்பதில்லை என்றும் அவள் ஒரு வாரமும் சொன்னதில்லை. வேலை நடக்கிறது ஐயா என்றாள். எப்போது முடியும் என்று கேட்டார். சொல்ல முடியாது என்றாள். அவளுக்கு வெயிட் பண்ணியே பழக்கம் இல்லை என்று அவர் மனைவியைப் பற்றிச் சொன்னார். வைத்துவிட்டார்.

கேனில் வள்ளியம்மாவின் உறைந்த செல் குப்பி ஒன்றுதான் இருந்தது. இது லேபில் எல்லோருக்கும் தெரியும். இருபது குப்பிகள் இருந்தன. போன வருடம் தீபாவளிக்கு நான்கு நாள் விடுமுறை. நைட்ரஜன் ஊற்ற வேண்டியவர் ஊற்றவில்லை. கேன் காய்ந்தது. பதினெட்டு குப்பிகள் போயின. வேறு கேனில் யாரோ கைமறதியாக வைத்த இரண்டு தப்பின. அதில் ஒன்றை ஜூலையில் எடுத்தார்கள். முதல் சுற்றில் கன்ட்ரோலும் பச்சை, நோயாளியும் பச்சை. எதையும் சொல்ல முடியவில்லை. குப்பி வீண். மிச்சம் ஒன்று. இறந்தவரிடம் மறுபடி தோல் கேட்க முடியாது.

அதனால் அவள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். கன்ட்ரோல் இருட்டாகும்வரை அந்தக் குப்பியைத் தொடுவதில்லை. வெங்கடசாமியின் குப்பிகள் வேறு கேனில் நிறைய இருந்தன. அவற்றை மட்டும் வளர்த்துப் பார்த்தாள். இரண்டாம் சுற்று பச்சை. இதோ மூன்றும் பச்சை.

மாற்றாத பொருள் எதுவும் பாக்கியில்லை. செல் வளர்க்கிற மீடியத்தை மாற்றினாள். பச்சைச் சாயத்தை மூட்டைகளில் ஒட்டவைக்கிற ஆன்டிபாடியைப் புதிதாக வாங்கினாள். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் கொண்டுவருகிறவனோடு சண்டை போட்டு வேறு சிலிண்டர் வாங்கினாள். இன்குபேட்டர் ரிப்பேர்காரரை மூன்று முறை வரவழைத்தாள். அவர் மூன்று முறையும் முப்பத்தேழு டிகிரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கிருமி இருக்கிறதா என்று சோதித்தாள். இல்லை. தண்ணீரைச் சோதித்தாள். நன்றாக இருந்தது. எல்லாமே நன்றாக இருந்தது. செல் மட்டும், எதையோ பார்த்து, அலறிக்கொண்டிருந்தது.

மத்தியானம் கோவிந்தராஜன் அவளைக் கூப்பிட்டார். லேபின் தலைவர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிறவர். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பத்திரிகைக்குக் கட்டுரையைத் திருத்தி அனுப்ப டிசம்பர் கடைசி வரைதான் நேரம் என்பதை அவளுக்குத் தெரியாதது போல ஒரு முறை சொன்னார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நோயாளி ஏழின் செல்லைக் குப்பியிலிருந்து எடுத்தால்தான் அதற்குள் முடியும். எடுத்துவிட வேண்டியது.

கன்ட்ரோல் இன்னும் சரியாகவில்லை என்றாள்.

"அந்தப் பச்சையைப் பின்னணின்னு வெச்சுக்கோ. கழிச்சுடு."

"எதைக் கழிக்கிறது சார்? அது என்னன்னே தெரியலையே."

உலகத்தில் எல்லோரும் கழிக்கிறார்கள் என்றார் அவர். அவருக்கும் தான் சொன்னது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அதனால் குரல் இன்னும் தாழ்ந்தது. ஜூலையிலிருந்து லேபில் என்னென்ன மாறியது என்று தேதிவாரியாக ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். புதன் மாலைக்குள் வேண்டும். காரணம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வியாழன் பத்து மணி.

அவள் எல்லோரையும் மறுபடி கேட்டாள். நான்காம் முறை. ஜூலையிலிருந்து புதிதாக ஏதாவது செய்தீர்களா? உமேஷ் பல் தேய்க்கிற பேஸ்ட்டை மாற்றியதாகச் சொன்னான். அதை அவள் எழுதிக்கொள்ளப் போனாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

சந்திரம்மா கண்ணாடிப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆனேக்கல்லிலிருந்து வருகிறவள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்து ஆறு வருடம். கழுவுவது, துடைப்பது, சனிக்கிழமைதோறும் இன்குபேட்டர்களைக் காலி செய்து ஸ்பிரிட்டால் துடைத்துத் தண்ணீர்த் தட்டை மாற்றுவது, எல்லாம் அவள்தான். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், லேபில் தமிழ். ஐம்பது வயது இருக்கும்.

"நீங்க சொன்னது தவிர நான் ஒண்ணும் செய்யல மேடம்."

நான்கு முறையும் இதே பதில். மேலே இருப்பவர்களிடம் எல்லோரும் சொல்கிற பதில் என்று சௌம்யா நினைத்தாள். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தாள். சந்திரம்மா மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. ஆனால் சிலிண்டர்காரன் போன் செய்தான்.

செவ்வாய் முழுக்க ரசீதுகளிலும் குறிப்பேடுகளிலும் போனது. புதன் மத்தியானம் லேபின் வாட்ஸப் குழு மட்டும் பாக்கி. சௌம்யா கேன்டீனில் ஒரு மூலையில் தட்டு இட்லியை வைத்துக்கொண்டு ஜூலைக்குப் போனாள். பிறந்தநாள் கேக் படங்கள். மஞ்சள் வழித்தட மெட்ரோ எப்போது ஓடும் என்ற சண்டை. யாருடைய டிபன் பாக்ஸ் ஃப்ரிட்ஜில் நாறுகிறது என்ற விசாரணை. ஏழு பேர் ஏழு விதமாகப் போட்ட வரலட்சுமி பூஜை வாழ்த்து. இதற்குள் எங்கேயோ ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று எண்ணவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

நடு நடுவே சந்திரம்மாவின் குரல் செய்திகள். சந்திரம்மா தட்டச்சு செய்ய மாட்டாள். பேசி அனுப்புவாள். அந்தச் செய்திகள் ஒரே மாதிரி இருக்கும். முதலில் வணக்கம், பிறகு தன் பெயர், பிறகு மழை, பிறகு பஸ், கடைசியில் விஷயம். விஷயம் பெரும்பாலும் பினாயில் தீர்ந்துவிட்டது என்பதாக இருக்கும். அதனால் லேபில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. யாராவது ஒருவர் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிடுவார்கள். பார்த்தாயிற்று என்று அர்த்தம். யாரும் கேட்பதில்லை.

ஜூலை பதினான்கு, திங்கள், காலை எட்டு ஐம்பத்திரண்டு. சந்திரம்மா. ஐம்பத்திரண்டு விநாடி. கீழே ஒரே ஒரு கட்டைவிரல். யாருடையது என்று அழுத்திப் பார்த்தாள். சௌம்யா.

அவளுக்கு அந்தக் காலை நினைவுக்கு வரவில்லை. வந்திருக்கவும் வேண்டியதில்லை. அப்போது மெட்ரோ இல்லை. பி.டி.எம். லேஅவுட்டிலிருந்து ஹெப்பகோடிக்குப் பஸ். எட்டு ஐம்பத்திரண்டுக்கு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றிருப்பாள். ஒரு கை மேல்கம்பியில், மறுகையில் போன். இருந்த ஒரு விரல் சும்மா இருந்திருக்கும்.

அவள் இப்போது போனைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"மேடம், குட் மார்னிங். நான் சந்திரம்மா. ஆனேக்கல்ல மழை, பஸ் லேட்டு, ஆனா வந்துட்டேன். மேடம், ரெண்டாம் சூட்டுப்பெட்டில எறும்பு வருது. பின்னாடி ஒரு ஓட்டை இருக்கில்ல, அது வழியா. அதுல ஒரு ரப்பர் மூடி இருந்துச்சு. போன மாசம் ரிப்பேர்காரர் வந்துட்டுப் போனதுலேர்ந்து காணோம். வீட்ல எறும்புக்கு நான் சாக்பீஸ் போடுவேன். இங்க உள்ள போடலாமா, கூடாதா? செல்லுக்கு ஏதாவது ஆயிடுமா? நீங்க சொன்னாத்தான் போடுவேன். பேடான்னா பேடா, வேண்டாம்னா வேண்டாம்."

இட்லி ஆறிப்போயிருந்தது. அவள் இன்னொரு முறை கேட்டாள். இரண்டாம் முறையும் அதே கேள்விதான் இருந்தது.

சூட்டுப்பெட்டி என்பது இன்குபேட்டர். இரண்டாம் இன்குபேட்டர் அவளுடையது.

லேபுக்குப் போனாள். தட்டுகளை எடுத்து முதல் இன்குபேட்டரில் வைத்தாள். அடித்தட்டை உருவினாள். தண்ணீர்த் தட்டை வெளியே எடுத்தாள். தலையை உள்ளே விட்டுப் போன் விளக்கை அடித்தாள். பின்சுவரில் கட்டைவிரல் அளவு ஓட்டை. அதைச் சுற்றி வெள்ளை வளையம். ஒரு முறை போட்டது இல்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை துடைத்து, துடைத்த இடத்தில் மறுபடி போட்டு, ஈரத்தில் ஊறி, இஸ்திரி போட்டது போலச் சுவரோடு ஒட்டியிருந்தது. சுத்தமான வளையம். எங்கும் விடுபடவில்லை. அதற்கு மேலே நான்கு விரல் தள்ளிக் காற்றாடி. அந்தக் காற்றாடி பெட்டி முழுக்கக் காற்றைச் சுற்றி விடும். எல்லாத் தட்டுகளுக்கும் சமமாக.

எறும்புச் சாக்பீஸில் இருப்பது நரம்பு விஷம். எறும்பின் நரம்பை ஓயாமல் துடிக்கவைத்துக் கொல்லும். தட்டில் இருந்ததும் நரம்புதான். மூன்று சுற்றாக அவை சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. ஆபத்து இருக்கிறது என்று. அவள்தான் அதைக் கோளாறு என்று எழுதிவந்தாள்.

தரையில் உட்கார்ந்தாள். ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தை வைக்க ஓர் இடம் தேடினாள். ரிப்பேர்காரர் மூடியைக் கழற்றினார், மாட்டவில்லை. சரி. ஆனால் அவர் மூடியை மட்டும்தான் மறந்தார். சிலிண்டர்காரனைத் திட்டியது நினைவுக்கு வந்தது. ஆன்டிபாடி கம்பெனிக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதியது நினைவுக்கு வந்தது. உமேஷின் கையுறையைக்கூடச் சந்தேகப்பட்டாள். கடைசியில் ஆத்திரம் சுற்றிக்கொண்டு அவள் கட்டைவிரலிலேயே வந்து நின்றது. ஜூலையில் எடுத்த வள்ளியம்மாவின் குப்பியும் இந்தப் பெட்டியில்தான் வளர்ந்தது.

நினைப்பது போதாது, காட்ட வேண்டும். மேல்மாடி லேபில் கெஞ்சி இரண்டு தட்டு நரம்பு செல் வாங்கினாள். ஒன்றை அவர்கள் பெட்டியிலேயே விட்டாள். ஒன்றைத் தன் இரண்டாம் பெட்டியில், வளையத்தைத் தொடாமல், வைத்தாள். காரணம் என்ன என்று உமேஷ் கேட்டான். சொன்னாள். அவன் முதன்முறையாக எதுவும் ஜோக் அடிக்கவில்லை. காலை ஏழு மணிக்கு வந்து சாயம் ஏற்றுவதாகச் சொன்னான். வந்தான்.

வியாழன் ஒன்பதரை. மேல்மாடியிலேயே விட்ட தட்டு இருட்டு. இரண்டாம் பெட்டியில் வைத்தது பச்சை.

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு கோவிந்தராஜன் அறைக்குப் போனாள். அவர் பார்த்தார். சாக்பீஸ் என்றதும் ஒரு நிமிடம் அவருக்குப் புரியவில்லை. கரும்பலகையில் எழுதுவதா என்று கேட்டார். எறும்புக்குப் போடுவது என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். போட்டது யார் என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார். சொன்னாள். அவர் மேஜை மேலிருந்த போனை எடுத்தார். ஒப்பந்தக்காரருக்கு ஒரு போன் போதும். திங்கட்கிழமை வேறு ஆள் வந்துவிடுவார். அப்படித்தான் நடக்கும், முன்பு இரண்டு முறை நடந்திருக்கிறது.

"இதைக் கேட்டுட்டுப் பேசுங்க சார்."

அவள் தன் போனை மேஜை மேல் வைத்து அழுத்தினாள். வணக்கம், பெயர், மழை, பஸ். அவர் பொறுமையில்லாமல் கையை அசைத்தார். பிறகு கை நின்றது. செய்தி முடிகிறவரை நின்றுகொண்டே கேட்டார். கீழே இருந்த கட்டைவிரலையும் அவள் காட்டினாள்.

"ஐம்பத்திரண்டு செகண்ட். கேட்டிருக்கலாமே சௌம்யா."

"கேட்டிருக்கலாம். நீங்களும் அந்தக் குழுவில இருக்கீங்க சார்."

அவர் போனைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் போய்த் திரும்பினார். குப்பியை எடுக்க வேண்டாம் என்றார். கட்டுரை டிசம்பருக்குள் போகாது என்பதைத் தனக்குத்தானே ஒரு முறை சொல்லிக்கொண்டார். பட்டியலில் என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டார். ஜூலை பதினான்கு, எறும்பு மருந்து, அனுமதி கொடுத்தது சௌம்யா என்று எழுதியிருந்தாள். அதை அவரிடம் நீட்டினாள். 'மாசு' என்று பொதுவாகப் போட்டால் போதாதா என்றார். போதாது என்றாள். அவர் வற்புறுத்தவில்லை.

அடுத்தது சந்திரம்மா. சௌம்யா அவளைக் செல் வளர்க்கிற கல்ச்சர் அறைக்குக் கூப்பிட்டு வளையத்தைக் காட்டினாள். இதை இனிமேல் போட வேண்டாம் என்றாள். சந்திரம்மா வளையத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். அதனாலா இத்தனை நாளாக எல்லாரும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றாள் சௌம்யா.

"நாலு வாட்டி கேட்டீங்க. நாலு வாட்டியும் சொன்னேன், நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்னு."

"நான் அந்த மெசேஜைக் கேக்கவே இல்ல சந்திரம்மா."

சந்திரம்மாவுக்கு அது பிடிபடச் சிறிது நேரம் ஆனது. கையிலிருந்த துணியை மடித்தாள்.

"கேக்கலேன்னா கட்டைவிரலு எதுக்குப் போட்டீங்க மேடம்?"

எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம் என்பதே சௌம்யாவிடம் இருந்த ஒரே பதில்; அதை அவளிடம் சொல்ல முடியாது. ஆறு வருடத்துச் செய்திகள் அந்தக் குழுவில் இருந்தன.

சந்திரம்மா வளையத்தைச் சோப்பால் மூன்று முறை, ஸ்பிரிட்டால் இரண்டு முறை, தண்ணீரால் எத்தனையோ முறை தேய்த்து எடுத்தாள். பிறகு ஸ்டோர் அறைக்குப் போய், பழைய ஒயர்களும் உடைந்த பிப்பெட்களும் கிடக்கிற இழுப்பறையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ரப்பர் மூடி அதற்குள்தான் இருந்தது. அவளே கொண்டுவந்து ஓட்டையில் அழுத்தினாள். பெட்டியின் நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள், வீட்டில் சாப்பாட்டு அலமாரிக்கு வைப்பது போல. இதையும் குழுவில் பேசி அனுப்பினாள். ஒரு நிமிடம் பத்து விநாடி. சௌம்யா நின்ற இடத்தில் முழுக்கக் கேட்டாள். வணக்கம், பெயர், மழை இல்லை, பஸ் நேரத்துக்கு வந்தது, மூடி போட்டாயிற்று. கேட்டுவிட்டு, கேட்டேன் என்று எழுதினாள். சந்திரம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. குரலில் சொல்லி அனுப்பினாள். சௌம்யாவுக்கே அது பேத்தலாக இருந்தது. உமேஷ் அதற்குக் கட்டைவிரல் போட்டான். அவனைப் பார்த்தாள். அவன் அவசரமாக அழித்தான்.

பெட்டியை இரண்டு நாள் காலியாக ஓடவிட்டார்கள். பிறகு வெங்கடசாமியின் ஒரு குப்பியை எடுத்து மறுபடி ஐந்து வாரம். நடுவில் கோவிந்தராஜன் அவகாசம் கேட்டுப் பத்திரிகைக்கு எழுதினார்; புதிதாக அனுப்பினால் புதிதாகப் பார்ப்போம் என்று பதில் வந்தது. அதை அவர் அவளுக்கு அனுப்பியபோது மேலே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஐந்து திங்கட்கிழமை வெங்கடசாமி போன் செய்தார். ஐந்து முறையும் அவள் வேலை நடக்கிறது ஐயா என்றாள். ஐந்து முறையும் வாயில் சாக்பீஸ் தூள் இருப்பது போல இருந்தது.

டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை சாயம் ஏற்றினாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். நீல உருண்டைகள். சுற்றிலும் கறுப்பு. விளக்கைக் கூட்டிப் பார்த்தாள். இன்னும் கூட்டினாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தட்டை நகர்த்தினாள். எங்கும் ஒன்றும் இல்லை. அவள் வாழ்க்கையில் இத்தனை நேரம் ஒன்றுமில்லாததைப் பார்த்ததில்லை. உமேஷைக் கூப்பிட்டாள். அவன் பார்த்தான். சந்திரம்மாவையும் கூப்பிட்டாள். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே மேடம் என்றாள். அதுதான் சரி என்றார்கள்.

திங்கட்கிழமை பதினொன்று பத்து. போன் அடித்தபோது அவள் கேன் பக்கத்தில் இருந்தாள். கனமான கையுறையைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"வள்ளியம்மா எப்படி இருக்கா?"

ஒரு விஷயம் சொல்ல வேண்டும் ஐயா என்றாள். ஜூலையில் அவருடைய மனைவியின் ஒரு குப்பியை எடுத்தார்கள், அது வீணாகிவிட்டது, காரணம் தான் என்றாள். எறும்பு மருந்தைப் பற்றிச் சொன்னாள். கேட்காமல் போட்ட கட்டைவிரலைப் பற்றிச் சொன்னாள். விதிப்படி இதையெல்லாம் அவரிடம் சொல்லக் கூடாது. பின்னணியில் யாரோ குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது.

"போன வருஷம் கேன் காஞ்சப்போ, ரெண்டே ரெண்டுதான் மிச்சம்னு போன்ல சொன்னீங்க."

"ஆமா ஐயா."

"ஆலையில ஒரு வார்ப்பு கெட்டாலே நாங்க மூணு பேர்கிட்ட பதில் சொல்லணும். நீங்க அஞ்சு மாசம் கழிச்சுச் சொல்றீங்க."

அவள் ஆமாம் என்றாள். மிச்சத்தை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார். இப்போதுதான் என்றாள். இந்த முறை சரியாக வருமா என்று கேட்டார். அது தெரியாது என்றாள். மருந்து வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். ஆனால் எது நடந்தாலும் இந்த முறை அது தெரியும் என்றாள். ஏன் என்று கேட்டார்.

"நீங்க நல்லா இருக்கீங்க ஐயா. சனிக்கிழமை பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்ல."

"என்னை யாரும்மா கேட்டா?" என்றார் வெங்கடசாமி. வைத்துவிட்டார்.

அவள் உள்ளே வந்தாள். கனமான கையுறையை மாட்டிக்கொண்டு கேனின் மூடியைத் திறந்தாள்.